சத்தம் போடாத கொக்கி

எங்கள் வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அரிசிச் சாக்கு கிடக்கிறது. வாயை இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே இருப்பது இரும்பு. பழைய இரும்பு வாங்குகிற சீனர் எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் அடிக்கடி லோரியில் வந்து ஒலிபெருக்கியில் கூவிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போகிறேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டுவிடுகிறேன். என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். 

அது சக்கரம் வைத்த சின்ன வீடான கேரவனை, இழுக்கிற வண்டியோடு இணைக்கிற கொக்கி. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்பார்கள். கேரவனின் மூக்கு வண்டியின் வால்பக்கத்தில் வந்து உட்காரும்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். முன்சக்கரம் லேசாகிவிடும். விளக்கு சாலையை விட்டுவிட்டு மரத்தின் உச்சியைப் பார்க்கும். அந்தப் பாரத்தை முன்சக்கரங்களுக்கும் கேரவன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதற்காக இந்தக் கொக்கியில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் இருக்கும். கேரவன் சட்டத்தில் பொருத்திய இரண்டு தாங்கிகளின் மேல் அவை அழுத்தி உட்கார்ந்திருக்கும். நான் வாங்கிய வகையில் அந்த அழுத்தம் இன்னொரு வேலையும் செய்யும். இரும்பும் இரும்பும் உரசி, கேரவனைப் பக்கவாட்டில் வாலாட்டாமல் பிடித்து வைக்கும். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரசுவதுதான் அதன் வேலை.

கேரவன் ஆசை என் மனைவியுடையது. செனாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைக்கிறவள். வெளியூர் போவது அவளுக்குப் பிடிக்கும், வெளியூர்க் கழிப்பறைகள் பிடிக்காது. எங்கே போனாலும் முதலில் அதைத்தான் எட்டிப் பார்ப்பாள். பார்த்த மறுநிமிடம் வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

"நான் எங்க போனாலும் என் பாத்ரூம் என் கூட வரணும். அப்படி ஒரு வீடு வாங்குங்க, நான் உலகத்தையே சுத்துறேன்" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னாள்.

கூலாயில் ஒருவர் தம் பழைய கேரவனை விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தோம். சின்னதுதான். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, அலமாரி அளவுக்கு ஒரு பாத்ரூம். அவள் அந்தப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்தே "வாங்கிருங்க" என்றாள். வாங்கிவிட்டேன்.

என்னிடம் பழைய போர்வீல் வண்டி ஒன்று இருந்தது. கொக்கிதான் இல்லை.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி. செடெனாக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறவன். இருபது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெயரினால்தான் அவர்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலில் வருடா வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு ரதம் இழுக்கிற டிராக்டரை அவனிடம் கொடுத்தார்கள். அம்மனை ஏற்றிய ரதம், மேலே குடை, கூடவே ஐயர், சுற்றிலும் பால்குடம் எடுக்கிற பெண்கள், குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற பிள்ளைகள். அவ்வளவுக்கும் நடுவில், விளக்குச் சுடர் அசையாமல் இழுத்துப் போவான். அவனுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. அதிகம் பேசவும் மாட்டான்.

நான் செனாயில் இன்னொரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். மெஷின் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் இரும்பைப் பற்றி யார் எது சொன்னாலும் எனக்குக் காது மூடிக்கொள்ளும்.

மச்சான் கேரவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாமா, மொதல்ல மூக்குப் பாரம் எவ்வளவுன்னு பாத்துருவோம். அதுக்கு ஏத்த கம்பியா வாங்கணும்" என்றான்.

"பாத்தாலே தெரியுது மச்சான். என்ன பெரிய பாரம்."

அவன் வீட்டுக்குள் போய், அக்காள் தினமும் ஏறி நின்று எடை பார்க்கும் தராசைக் கேட்டு வாங்கி வந்தான். பலகையும் செங்கலும் வைத்து, மூக்கை அதன்மேல் இறக்கிப் படித்துச் சொன்னான். நான் நினைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனைவி சிரித்துவிட்டாள். "அந்தத் தராசு பொய் சொல்லும்னு நான் தினம் சொல்றது இப்ப உண்மையாப் போச்சா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

அதன்பின் இரண்டு வாரம் தேநீர் இடைவேளையெல்லாம் கைப்பேசியில் கொக்கி பார்ப்பதிலேயே போனது. சிங்கப்பூரில் ஒரு கடையில் நல்லது ஒன்று இருந்தது. தாங்கிகளில் தனியாக ஒரு பட்டை வைத்து, சத்தம் வராதபடி செய்தது. மச்சான் அதைத்தான் காட்டினான். நான் இணையத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இன்னொன்று கண்டுபிடித்தேன். அதே பாரம் தாங்கும், அதே வேலை செய்யும், பட்டை மட்டும் கிடையாது. அந்தக் கொக்கியில் ஒரு குறையும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாங்கியதில் தப்பில்லை. மலிவாக வாங்கியதை மலிவாக வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் எதுவுமே நடந்திருக்காது.

நான் என்ன செய்தேன்? பெட்டியைப் பிரித்த கையோடு அதிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "சிங்கப்பூர்ல எடுத்தது" என்றேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். மச்சான் பார்த்தவுடனே கண்டுபிடித்திருப்பான். இருந்தும் முழங்காலிட்டு உட்கார்ந்து எனக்கு மாட்டிக் கொடுத்தான்.

புது வண்டி வாங்கினால் பூசை போட வேண்டும். கேரவனை அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கே கொண்டுபோனோம். அன்று ஞாயிறு, நல்ல கூட்டம். கோயில் வாசலில் திருப்பம் கொஞ்சம் குறுகல். நான் ஸ்டியரிங்கை ஒடித்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள். கம்பியும் தாங்கியும் உரசி, வீல் என்று ஓர் அலறல். மேளக்காரர் தவிலை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நான் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் ஒடிக்க, அது இன்னும் நீளமாக அலறியது.

கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னாண்ணே இது, பன்னியப் புடிச்சுக் கட்டுன மாதிரி கத்துது! எங்க வாங்குனீங்க?"

"சிங்கப்பூர்ல" என்றேன்.

"அலமாக்! சிங்கப்பூர் சாமானே இப்படிக் கத்துனா நம்ம ஊரு சாமான் என்னா கத்து கத்தும்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "உங்க மச்சான்கிட்ட கேட்டிருக்கலாம்ல? நம்ம ரதத்துல ஒரு சத்தம் வருதா பாருங்க" என்றார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றாள். சிரிப்பை அடக்குகிறாளா, வெட்கப்படுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான். ஐயர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, தீபாராதனை காட்டினார். எனக்குத் தட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. காதெல்லாம் சுட்டது.

பூசை முடிந்து போகும்போது மச்சான் என் பக்கத்தில் நடந்து வந்தான்.

"கத்தட்டும் மாமா. கத்துச்சுன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம். அதுல மட்டும் எண்ணெ கிண்ணெ போட்டுறாதீங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"எனக்குத் தெரியாதா?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

தெரியும். பெட்டிக்குள் இருந்த காகிதத்திலும் படம் போட்டு, கிரீஸ் டப்பாவின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தது. படித்துவிட்டுத்தான் மடித்து வைத்திருந்தேன்.

சில நாள் கழித்து ஆயுத பூசை வந்தது. எங்கள் பிரிவில் அன்றைக்கு முதல் நாளே மெஷின்களையும் சாமான்களையும் இறக்கித் துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று ஆக்கிவிடுவோம். ஸ்பேனர் முதல் தூக்கும் சங்கிலி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. காய்ந்த சாமானைப் பூசையில் வைத்தால் மெயின்டனன்ஸ்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. முப்பது வருடமாக அப்படிச் செய்து பழகிய கை. அந்த வேலை முடிந்ததும் மிச்சமிருந்த ஒரு கிரீஸ் குழாயைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தொழிற்சாலையில் மட்டும் பார்க்கக்கூடிய நீல நிற கிரீஸ். எளிதில் வழியாது, கழுவினாலும் எளிதில் போகாது.

வீட்டிலும் பூசைக்காகப் போர்வீலைக் கழுவினேன். கேரவனைத் துடைத்தேன். பிறகு குனிந்து உட்கார்ந்து, இரண்டு தாங்கிகளிலும் விரலால் வழித்து வழித்து கிரீஸ் பூசினேன். பூசை நாள், சாமானுக்கு எண்ணெய் காட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கோயில் வாசலில் அந்தச் சிரிப்பு மறுபடி வரக் கூடாது, அவ்வளவுதான். பூசி முடித்து, தாமானை ஒரு சுற்றுச் சுற்றினேன். திருப்பங்களில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. முனை வீட்டுக்காரர் கையசைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பொந்தியான் கடற்கரைக்குப் புறப்பட்டோம். மச்சான் காலையிலேயே வந்து சாமான் ஏற்றிக் கொடுத்தான். தண்ணீர் நிரப்பிய தோங், ஐஸ் பெட்டி, அரிசி எல்லாவற்றையும் சக்கரத்துக்கு நேராகவும் கொஞ்சம் முன்னாலும் வைத்துக் கட்டினான்; பாரம் பின்னால் போனால் கேரவன் வாலாட்டும். கடைசி நேரத்தில் மனைவி சின்ன கேஸ் தோங் ஒன்றை, அடுப்புக்கான சிலிண்டரை, நீட்டி, இதையும் வை தம்பி என்றாள். முன்னால் இடமில்லை. அதைப் பின்பக்கக் கட்டிலுக்கடியில் வைத்தான். "சின்னதுதான், ஒன்னும் பண்ணாது" என்றான். அவன் சொன்னது உண்மைதான்.

பெக்கான் நெனாஸ் தாண்டியதும் ஓர் இறக்கம். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு பெரிய லோரி எங்களை முந்திப் போனது. அது இழுத்த காற்றில் கேரவன் பின்னால் ஒரு முறை மெல்ல அசைந்தது. தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. சத்தமே இல்லாமல். அந்த நிசப்தத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மனைவி "என்னாங்க, என்னாங்க" என்றாள். நான் பயத்தில் பிரேக்கை மிதித்தேன். மிதிக்கவே கூடாது. கேரவன் வண்டியைச் சுழற்றிக்கொண்டு போய், சாலையோரச் சாக்கடையான லொங்காங்கில் சாய்ந்தது. மனைவியின் இடது கை கதவில் மோதி, மணிக்கட்டு முறிந்தது.

எதிரில் வண்டி வராதது கடவுள் புண்ணியம். தோட்ட வேலைக்காரர்கள் ஓடி வந்து அவளை இறக்கி நிழலில் உட்காரவைத்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். நான் மச்சானுக்குச் சொன்னேன். ஆம்புலன்சும் அவனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவன் அக்காளின் கையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. "எப்படி மாமா?" என்றான்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வேறொன்றைச் சொன்னது.

"என்னயக் கேக்குற? பின்னாடி கேஸ் தோங்க வச்சது யாரு? இருவது வருஷம் லோரி ஓட்டுறவனுக்கு இதுகூடவா தெரியாது?"

சத்தம் போட்டுத்தான் சொன்னேன். கூடியிருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள். அவன் ஒரு நிமிடம் சாய்ந்து கிடந்த கேரவனையே பார்த்தான். பிறகு, "நான்தான் மாமா வச்சேன்" என்றான். அவ்வளவுதான்.

நான் மனைவியோடு ஆம்புலன்சில் ஏறிவிட்டேன். கேரவனைத் தூக்குகிற லோரியை வரவழைத்து, கொக்கியைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒதுக்கிக் கொடுத்தவன் அவன்தான். கொக்கியை ஓர் அரிசிச் சாக்கில் போட்டு, லோரிக்காரர்கள் போடும் முடிச்சாகப் போட்டு, எங்கள் வீட்டுப் பின்புறத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். என் மனைவி அவனை ஏசினாள். "ரதம் இழுக்குறவன்னு ஊரெல்லாம் பேரு. சொந்த அக்காவக் கவுத்துட்டியேடா. இந்தக் கையால நான் இனிமே எப்படி முப்பது பேருக்கு இடியாப்பம் புழியிறது?" வலியில் வந்த வார்த்தைகள். நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். சலைன் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பழப் பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அந்தத் தீபாவளிக்கு அவன் வீட்டுக்குள் வரவில்லை. அக்காளுக்குக் கொண்டுவரும் சீரை, சேலையும் பலகாரமும் வைத்த பையை, கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான்தான் அதை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். அவள் பிரிக்கவில்லை.

இதெல்லாம் நடந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஒரு நாள் தள்ளிப் போட்டால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனக்கிறது.

சித்திரைத் திருவிழா வந்தது. மச்சான் தானே தலைவரிடம் போய், இந்த வருஷம் வேற ஆளப் பாருங்க என்று சொல்லிவிட்டிருந்தான். அவர்களும் வற்புறுத்தவில்லை. டிராக்டரை வேறொருவர் ஓட்டினார். கிளம்பும்போது ஒரு குலுக்கல், நிற்கும்போது ஒரு குலுக்கல். குடை ஆடியது. ஐயர் தூணைப் பிடித்துக்கொண்டார். என் முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"பழைய ஆளு இருந்தா இப்படி ஆடுமா?"

"அவருக்கு எப்படிக் குடுக்குறது? சொந்த அக்காவையே லொங்காங்குல கவுத்துட்டாராம். பாரம் எங்க வைக்கிறதுன்னுகூட தெரியலயாம்."

தெரியலயாம். அந்த வார்த்தை என்னிடமிருந்து கிளம்பிய வார்த்தை. ஆறு மாதத்தில் தோட்டம் முழுக்கச் சுற்றி வந்து என் காதிலேயே விழுந்தது. மச்சான் கூட்டத்தோடு கூட்டமாக, தேங்காய் உடைக்கிற இடத்தில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சாக்கிடம் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்றால் அதுவும் பொய். யாராவது பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் அந்த நீல கிரீஸைத் துடைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். முடிச்சை அவிழ்த்து, தாங்கிகளை வெளியே எடுத்தேன்.

துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு தாங்கிகளும் எலும்பு போலக் காய்ந்து கிடந்தன. மண்ணெண்ணெய் வாசம் லேசாக அடித்தது. ஒரு போல்ட்டின் மரைக்குள் மட்டும், துணி நுழையாத இடத்தில், நீலமாக ஒரு கோடு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அன்றைக்கே பார்த்திருக்கிறான். கையில் ஒட்டிய அந்த நீல நிறம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அத்தனை பேர் முன்னால் நான் அவனைத் திட்டிவிட்டுப் போன பிறகு, அந்த வெயிலில் உட்கார்ந்து, கழுவினாலும் போகாத கிரீஸை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்திருக்கிறான். மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து ஏச்சும் வாங்கியிருக்கிறான்.

மனைவி சமையலறையில், இன்னும் சரியாக மடங்காத இடது கையை ஒதுக்கிவைத்து, ஒரு கையால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கரைச் சுரண்டியதிலிருந்து போல்ட்டில் இருந்த நீலக்கோடு வரை.  முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நான் அவன ஏசுனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

அவள் கத்தியை வைத்தாள். கை கழுவினாள். தீபாவளிக்கு வந்த பையை அலமாரியிலிருந்து எடுத்து, அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் காரில் தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும், "கோயில் கூட்டத்துல சொல்லுங்க. அவன் பேரு எங்க போச்சோ அங்கதான் திரும்பி வரணும்" என்றாள். அதன்பின் சோறு போடும்போதுகூட என்னிடம் பேச்சில்லை.

திருவிழா முடிந்த மூன்றாம் ஞாயிறு கோயில் மண்டபத்தில் கூட்டம். சாக்கையும் தூக்கிக்கொண்டு போனேன். எழுந்து நின்றேன்.  "போன வருஷம் என் கேரவன் கவுந்ததுக்குக் காரணம் என் மச்சான் இல்ல. நான்தான். கத்தக் கூடாதுன்னு, பூசக் கூடாத எடத்துல நான் கிரீஸ் பூசுனேன். பழிய அவர் மேல போட்டேன்" என்று சொல்லி முடித்தேன்.  அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

தலைவர் பின்வரிசையைப் பார்த்து, "என்னா தம்பி, உண்மையா?" என்றார்.

மச்சான் எழுந்தான். "மாமா எனக்காகச் சொல்றாரு தலைவரே. கொக்கியக் கழட்டுனது நான்தான். காஞ்சிதான் இருந்துச்சு. கேஸ் தோங்க பின்னாடி வச்சது நான்."

"பொய்!" என்று கத்தினேன். சாக்கைப் பிரித்துத் தாங்கிகளை மேசைமேல் வைத்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். காய்ந்த இரும்பு. சாட்சியை அவன் கையாலேயே துடைத்துவிட்டிருந்தான். போல்ட்டைக் காட்டினேன். "போல்ட்டுல கிரீஸ் இருக்கத்தானண்ணே செய்யும்" என்றார் ஒருவர் கனிவோடு.

தலைவரின் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா? மச்சானுக்காகப் பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. எவ்வளவு பெரிய மனசு! இந்தக் காலத்துல எந்த மாமன் செய்வாரு?" யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். அடிபட்ட குடும்பமே மன்னித்துவிட்டது, நாம் யார் என்று பேசி, அடுத்த வருடம் ரதத்தை மச்சானே இழுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

வெளியே அவனைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன் மச்சான் இப்படிப் பண்ணுன?"

"அக்காவுக்கு இப்ப தெரியும்ல மாமா? அது போதும். ஊருக்கு எதுக்கு? அக்கா இந்தக் கோயிலுக்கு வந்து போறவங்க. வீட்டுக்காரர வச்சு அவங்கள யாரும் ஒரு மாதிரி பாக்கக் கூடாது." சொல்லிவிட்டு என் கையிலிருந்த சாக்கை வாங்கி, அவனே முடிச்சுப் போட்டு, என் வண்டியில் வைத்தான்.

இந்த வருடச் சித்திரையில் அவன் ரதம் இழுத்தான். குடை அசையவில்லை. கிளம்புவதற்கு முன்னால் தலைவர் மைக்கில் என்னைக் கூப்பிட்டார். மச்சானுக்காகப் பழி சுமந்தவர் என்று சொல்லி, அம்மன் கழுத்திலிருந்து எடுத்த மாலையைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். மச்சான் டிராக்டரில் உட்கார்ந்து, நான் ஒழுங்காக வாங்கிக்கொள்ள வேண்டுமே என்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் வரிசையில் என் மனைவி நின்றாள். நான் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தேன். அன்று அத்தனை பேர் முன்னால் பொய்யாக ஒருவனைத் திட்டியபோதுகூட நான் இவ்வளவு கூசவில்லை.

கோயில் மாலையை வண்டி முகப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். வீட்டு வாசலில் இறங்கியதும் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டப் போனேன். மனைவி கையை நீட்டினாள். மாலையை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தாண்டி, வீட்டுக்குள் நுழைந்து, பின்புறம் போனாள். அந்த அரிசிச் சாக்கில் தம்பி போட்ட முடிச்சைச் சுற்றி மாலையைப் போட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.